சன் ஆஃப் பீஸ்ட் மரக் கோஸ்டரைக் கொன்னது லூப்பா, இல்ல வேற ஏதாவதா?

வேளச்சேரி வாசு:
மக்களே ஒரு டவுட்டு. யூட்யூப்ல உருட்டிட்டு இருந்தப்ப அமெரிக்காவுல ஓஹியோ பக்கம் கிங்ஸ் ஐலண்ட் பார்க்ல இருந்த சன் ஆஃப் பீஸ்ட் பத்தி ஒரு வீடியோ கண்ல பட்டுச்சு. மரத்துல கட்டுன ரோலர் கோஸ்டர், 218 அடி உயரம், நடுவுல லூப் வேற, ஆளுங்கள தலைகீழா சுத்தி விடுது. 2000ல திறந்து 2009லயே மூடிட்டாங்க, 2012ல இடிச்சே தள்ளிட்டாங்களாம். கீழ கமெண்ட்ல பூரா "மரத்துல லூப் போட்டா இப்படித்தான் ஆகும்"னு ஒரே பாட்டு. நெசமாவே லூப்பால தான் போச்சா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

ஓஹியோ மாமா:
வாசு தம்பி, நான் மேசன்லதான் இருக்கேன், பார்க் இருக்கறதே எங்க ஊர்லதான். நான் இங்க குடி வர்றதுக்குள்ள அதை இடிச்சாச்சு, ஆனா ஆபீஸ்ல உள்ளூர்க்காரங்க யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை வச்சிருப்பாங்க.

கதைய 1979ல இருந்து ஆரம்பிக்கணும். அந்த வருஷம் இதே பார்க்ல தி பீஸ்ட்னு ஒரு மரக் கோஸ்டர் திறந்தாங்க. வெளிக் கம்பெனிகிட்ட விடாம பார்க்கோட சொந்த ஆளுங்களே டிசைன் பண்ணது, காட்டுக்குள்ள நிலத்தோட மேடு பள்ளத்தையே பயன்படுத்தி ஓட விட்டாங்க. நீளம் ஏழாயிரத்து முன்னூறு அடிக்கு மேல, உலகத்துலயே நீளமான மரக் கோஸ்டர்ங்கற பட்டம் இன்னிக்கும் அதுகிட்டதான் இருக்கு. இருபது வருஷம் அமோகமா ஓடுச்சு. அப்ப பார்க் பாரமவுண்ட் கையில இருந்துச்சு, அப்பன் பேரைச் சொல்லி ஒரு பிள்ளைய இறக்குவோம்னு 1999ல அறிவிச்சாங்க. பிள்ளை அப்பனை எல்லாத்துலயும் மிஞ்சணும்னு ஆசை. 218 அடி உயரம், 214 அடி இறக்கம், மணிக்கு 126 கிலோமீட்டர், 7,032 அடி நீளம், கூடவே லூப். 200 அடியைத் தாண்டுன முதல் மரக் கோஸ்டர் அதுதான். நீளத்துல மட்டும் அப்பன்கிட்ட தோத்துச்சு.

கணக்கு போட்டுக் குடுத்தது ஜெர்மனிக்காரர் வெர்னர் ஸ்டெங்கல், கோஸ்டர் உலகத்துல அவர் பேருக்கு தனி மரியாதை. கட்டுனது ஆர்.சி.சி.ஏ.ன்னு ஒரு கோஸ்டர் கட்டுற கம்பெனி. ஆனா கட்டி முடிக்கறதுக்குள்ளயே பார்க்குக்கும் அவங்களுக்கும் முட்டிக்கிச்சு, அவங்கள அனுப்பிட்டு மிச்சத்த பார்க்கே முடிச்சுது. ஆரம்பமே சரியில்ல பாருங்க.

லூப் பைத்தியம்:
வாசு ப்ரோ, கமெண்ட்ல எழுதுறவன் எல்லாம் ஒரு தடவை கூட எதையும் படிக்காதவன். 2006ல ஆக்சிடென்ட் நடந்தது லூப்ல இல்லவே இல்ல!! லூப்புக்கு முன்னாடி ரோஸ் பவுல்னு ஒரு இடம், பெரிய வட்டமா சுத்தி சுத்தி வர ஹீலிக்ஸ், அங்க நடந்தது. 2006 ஜூலை 9, ஞாயித்துக்கிழமை. தாங்கி நிக்கற மரத்துல ஒண்ணு விரிசல் விட்டு, அதனால மேல தண்டவாளம் ஒரு இடத்துல பள்ளமா இறங்கிடுச்சு, ரயிலு முழு வேகத்துல அந்தப் பள்ளத்துல விழுந்து எந்திரிச்சுது. 27 பேருக்கு அடி. லூப் பாவம் அது பாட்டுக்கு நின்னுட்டு இருந்துச்சு.

அதுவும் லூப்ப தாங்குன அமைப்பு ஸ்டீல்ல பண்ணது. மரம் இத்துப் போய் லூப் விழுந்துடும்னு பேசுறதெல்லாம் சும்மா.

தேனி அக்கா:
ஏப்பா தெரியாமத்தான் கேக்குறேன், இரும்பு இருக்கையில எதுக்கு மரத்துல கட்டுறாய்ங்க? காசு மிச்சமா?

கோவை மெக்கானிக்கல்:
அக்கா நல்ல கேள்விங்க. காசு ஒரு காரணம்தான், ஆனா முக்கியமா அந்த ஆட்டத்துக்காகவே மரத்துல கட்டுறாங்க. ஸ்டீல் குழாய் தண்டவாளம் ஒரே வழுக்கலா போகும். மரம் கொஞ்சம் அசையும், கடகடன்னு சத்தம் போடும், அடுத்து என்ன ஆகுமோன்னு வயித்துல ஒரு கலக்கு கலக்கும், அதுக்குன்னே வர கூட்டம் இருக்குதுங்க.

இப்ப அமைப்பைச் சொல்லிடறேன், அப்பத்தான் வாசு கேட்டதுக்கு பதில் புரியும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நம்மூர்ல கட்டடத்துக்கு சவுக்குக் கம்புல சாரம் கட்டுவாங்கல்ல, தூரத்துல இருந்து பாத்தா அப்படித்தான் இருக்கும், ஆயிரக்கணக்கான மரத்துண்டு குறுக்கும் நெடுக்குமா போல்ட்டு போட்டு முறுக்குனது. அதுக்கு மேல தண்டவாளம். அது ரயில்வே தண்டவாளம் மாதிரி முழு இரும்பு இல்லீங்க. பைன் பலகைய ஒண்ணு மேல ஒண்ணா ஏழெட்டு அடுக்கு வச்சு ஆணி அடிச்சு இறுக்கி, வளைவுக்கு ஏத்தமாதிரி அங்கயே வளைச்சு, மேல பட்டையான இரும்புத் தகடு ஒண்ணைப் போட்டு மூடுவாங்க, சக்கரம் ஓடறது அந்தத் தகடு மேலதான். ஒவ்வொரு பெட்டிக்கும் மூணு வகை சக்கரம். மேல எடைய தாங்கறது ஒண்ணு, பக்கவாட்டுல வழி நடத்தறது ஒண்ணு, தண்டவாளத்துக்கு அடியில கவ்விப் பிடிக்கறது ஒண்ணு, அது இல்லேன்னா மேட்டுல போறப்ப ரயில் எகிறிடும்.

இதுல சிக்கல் என்னன்னா மரம் உயிருள்ள சாமானம் மாதிரிதான் நடந்துக்கும். மழைல ஊறும், வெயில்ல சுருங்கும், பனில விரியும். ஆணி லூஸாகும், போல்ட்டு தளரும். அதனாலதான் தினமும் காலைல கேட்டு திறக்கறதுக்கு முன்னாடி ஆளுங்க அந்தத் தண்டவாளம் மேலயே நடந்து ஒவ்வொரு எடமா பாத்துட்டு வருவாங்க, குளிர்காலத்துல பார்க் மூடியிருக்கறப்ப தேஞ்ச இடத்தை எல்லாம் பலகையோட பேத்து எடுத்துட்டு புதுசு போடுவாங்க. எந்த மரக் கோஸ்டருக்கும் இது தலையெழுத்து, நல்லா கட்டுனதுக்கும் இதேதான்.

இப்ப வேகத்தைச் சேருங்க. வளைவுல தண்டவாளத்து மேல விழற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். பீஸ்ட் மணிக்கு 104 கிலோமீட்டர், மகன் 126. பாக்க இருபத்திரெண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம், ஆனா அதே அளவு வளைவா இருந்தா விசை சுமாரா 47 சதவீதம் கூடுதல். சின்னதா ஒரு பள்ளம் விழுந்தாலும் போதும், அடுத்த ரயில் அங்க போயி இடிக்கும், இடிச்சா பள்ளம் இன்னும் ஆழமாகும், அதுக்கடுத்த ரயில் இன்னும் பலமா இடிக்கும். சாயங்காலத்துக்குள்ள எத்தனை நூறு தடவை ரயில் போகும்னு பாத்துக்கோங்க.

அதனால என் கட்சி இதுதான்: லூப் இல்லாம அதே உயரத்துல அதே வேகத்துல கட்டியிருந்தாலும் அது இழுத்துட்டுத்தான் நின்னிருக்கும். பிரச்சனை உயரமும் வேகமும், அதுக்குத் தக்க பலமில்லாத கட்டுமானமும்.

பரமக்குடி பாண்டி:
அண்ணே ஒரு நிமிஷம். லூப்புக்கு இதுல பங்கே இல்லைங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். லூப்புக்காகத்தான் பிரிமியர் ரைட்ஸ் கம்பெனி ரயிலப் போட்டாங்க, ஒவ்வொண்ணுலயும் 36 பேரு, கனமான ரயிலு. லூப் இல்லேன்னா லேசான ரயிலு ஓட்டியிருக்கலாம்னு பார்க்காரங்களே 2006 கடைசில லூப்ப கழட்டுறப்ப சொன்னாய்ங்க. அப்ப கனமான ரயிலு மரத்தைப் போட்டு அடிச்சதுக்கு மூலகாரணம் லூப்பு தானே? நேரடியா கொல்லல, ஆள் வச்சுக் கொன்னுச்சுன்னு வேணா வச்சுக்கலாம்.

லூப் பைத்தியம்:
ஆள் வச்சு கொன்னுச்சு 😂😂 பாண்டி அண்ணே சூப்பர். ஆனா பதில் இருக்கு. லூப்ப கழட்டிட்டு 2007 ஜூலை 4 திரும்பத் திறந்தாங்க, புது ரயிலோட. அந்த ரயில் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, சவுத் கரோலினால மர்ட்டில் பீச்ல ஹரிக்கேன்னு ஒரு மரக் கோஸ்டர் இருந்துச்சு, அந்த பார்க் 2006ல மூடுனாங்க, அதோட கெர்ஸ்ட்லாவர் ரயில கொண்டு வந்து இங்க ஓட்டுனாங்க. லூப் இல்ல, லேசான ரயிலு. அப்புறமும் குலுக்கல் குறையலைனு தானே ஃபேன்ஸ் எல்லாம் எழுதித் தள்ளுனாங்க. 2009ல மறுபடி மூடியாச்சு. குற்றவாளிய வெளிய அனுப்பினதுக்கு அப்புறமும் வீட்ல திருட்டு நடந்தா அவன் எப்படி குற்றவாளி ஆவான் சொல்லுங்க.

டெட்ராய்ட் தீபா:
நான் லூப் இருந்தப்பவே ஏறியிருக்கேன், காலேஜ் சமயத்துல. அந்த லூப் பத்தி யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். தோள்ல இருந்து இறங்கற கம்பி கிடையாது, மடி மேல ஒரு பார் மட்டும்தான். லைன்ல நிக்கும்போது எனக்கு உதறல், இதை மட்டும் நம்பி எப்படி தலைகீழா போறதுன்னு. ஆனா உள்ள நுழைஞ்சு மேல போகும்போது சீட்டோட அப்படியே அழுத்திப் பிடிச்சுக்குது, பார் மேல எடையே விழல. தோள் கம்பி இல்லாததால காதுல தலைல எதுவும் இடிக்கல, வானம் கீழயும் மரம் மேலயும் ஒரு செகண்ட் தெளிவா தெரிஞ்சுது. மொத்த ரைடுலயும் வழுவழுன்னு இருந்தது லூப்தான்னு ஃபேன்ஸ் சொல்றாங்கல்ல, என் ஓட்டும் அதுக்கே.

வேளச்சேரி வாசு:
தீபா அக்கா படிக்கும்போதே வயிறு கலங்குது. மடி பார் மட்டும் வச்சு தலைகீழா எப்படி விழாம இருக்கீங்க?

கோவை மெக்கானிக்கல்:
வாளில தண்ணி ஊத்தி வேகமா சுத்துனா கொட்டாதில்லீங்களா, ஸ்கூல்ல பண்ணியிருப்பீங்க, அந்த பிசிக்ஸ்தான். ஆனா லூப் வடிவம் முக்கியம் வாசு. 1895ல நியூயார்க் கோனி ஐலண்ட்ல ஃப்ளிப் ஃப்ளாப்னு ஒண்ணு கட்டுனாங்க, லூப் முழு வட்டம். முழு வட்டத்துல நுழையற இடத்துலயே விசை திடீர்னு ஏறும், கழுத்து போயிடும், அது ரொம்ப நாள் நிக்கல. 1976ல கலிஃபோர்னியா மேஜிக் மவுண்டன்ல ரெவல்யூஷன்னு ஒரு ஸ்டீல் கோஸ்டர் வந்தப்பதான் கண்ணீர்த்துளி மாதிரி, கீழ அகலமாவும் மேல குறுகலாவும் இருக்கற லூப் நல்லபடியா வேலை செஞ்சுது. அதுக்கு கணக்கு போட்டதும் இதே ஸ்டெங்கல்தான், கட்டுனது ஷ்வார்ஸ்காஃப். அப்ப சன் ஆஃப் பீஸ்ட் லூப் நல்லா இருந்ததுல ஆச்சரியமே இல்லீங்க, லூப்ல ஊறுன மனுசன் போட்ட லூப் அது.

சிங்கை ரவி:
கோவை அண்ணா சொன்ன கட்டுமானம் பாயிண்ட்டுக்கு ஒரு சாட்சி. இதே ஆர்.சி.சி.ஏ 1992ல டெக்சாஸ் சான் ஆன்டோனியோல ராட்லர்னு ஒரு மரக் கோஸ்டர் கட்டுனாங்க. அதுல லூப் கிடையாது. முதல் இறக்கம் 166 அடி, ரெண்டே வருஷத்துல அதை 124 அடியா குறைச்சாங்க. அப்பவும் குலுக்கல் நிக்கல, 2012ல மூடிட்டு ராக்கி மவுண்டன்னு கோஸ்டர் கட்டுற கம்பெனி ஆளுங்கள விட்டு ஸ்டீல் தண்டவாளம் போட்டு 2013ல அயர்ன் ராட்லர்னு திறந்தாங்க, இப்ப எல்லாரும் கொண்டாடுறாங்க. ஆக உயரமா மரத்துல கட்டுறதுங்கறது 90கள்ல எல்லாரும் சூடு பட்ட விஷயம், 2000ல இவங்க அதைவிட ஐம்பது அடி உயரமா இறக்கத்தை வச்சாங்க, கூடவே லூப். பேராசைனு நான் சொல்ல மாட்டேன், ஆனா அதுக்குப் பக்கத்துல வருது.

இன்னொண்ணு. மரத்துல தலைகீழா போக முடியாதுங்கறவங்களுக்கு, மிசௌரில சில்வர் டாலர் சிட்டில 2013ல திறந்த அவுட்லா ரன் பாருங்க. மரக் கோஸ்டர், மூணு தடவை தலைகீழாகும், இன்னும் ஓடிட்டு இருக்கு. உயரம் 107 அடிதான், மலைச்சரிவைப் பயன்படுத்தி இறக்கம் 162 அடி வச்சிருக்காங்க.

ஓஹியோ மாமா:
ரவி சொன்னது சரி. இப்ப 2009க்கு வரேன், அதுல தான் உள்ளூர்ல இன்னும் சண்டை. மே கடைசில ரைடு போன ஒரு பெண்மணி, தலைல ரத்தக்குழாய் வெடிச்சுதுன்னு புகார் குடுத்தாங்க, ஜூன் நடுவுல பார்க் ரைட நிறுத்திட்டாங்க. அரசாங்கம் சோதிச்சுப் பாத்துச்சு, கோளாறு எதுவும் சிக்கல. ஓஹியோல அப்ப ராட்டினம், கோஸ்டர் எல்லாத்தையும் சோதிக்கற பொறுப்பு எந்தத் துறைகிட்ட தெரியுமா? விவசாயத் துறை! பொருட்காட்சி, திருவிழா வழக்கத்துல இருந்து வந்தது அது. சரி, சோதனைல பாஸ் ஆனதுக்கு அப்புறமும் திறக்கல. மூணு வருஷம் சும்மாவே நின்னுச்சு. 2012 ஜூலைல இடிக்கப் போறோம்னு அறிவிப்பு, நவம்பர்ல தரைமட்டம்.

பரமக்குடி பாண்டி:
சோதனைல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சுல்ல மாமா, அப்புறம் ஏன் திறக்கல? எனக்கென்னமோ புது முதலாளிக்கு அது மேல பிரியமே இல்லைனு தோணுது. சீடர் ஃபேர் பார்க்க வாங்குனது 2006 ஜூன் 30. ஆக்சிடென்ட் ஜூலை 9. வாங்கி பத்து நாள் கூட ஆகல, கையில 27 பேரு கேஸு. வீடு வாங்குன மறுவாரமே கூரை ஒழுகுனா அந்த வீட்டு மேல எப்படி ஆசை வரும்?

சிங்கை ரவி:
பிரியம் இல்லைங்கறது ஒரு பக்கம். ஆனா 2006 ஆக்சிடென்டுக்கு அப்புறம் லூப்ப எடுத்து, ரயில மாத்தி, ஒரு வருஷம் செலவு பண்ணித் திரும்பத் திறந்தவங்களும் அவங்கதானே. வெறுத்தவன் அதெல்லாம் பண்ண மாட்டான். ரெண்டாவது தடவை பேப்பர்ல பேர் அடிபட்டதும் போதும்டா சாமின்னு விட்டுட்டாங்க, என் கணக்கு இது. கோளாறு இருக்கா இல்லையாங்கறது வேற, அந்தப் பேரைக் கேட்டாலே ஜனம் யோசிக்கறது வேற.

கோவை மெக்கானிக்கல்:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க, பராமரிப்பு. 126 கிலோமீட்டர்ல ஓடற ஏழாயிரம் அடி மரத்தண்டவாளத்தை வருசா வருசம் பேத்துப் போடறது சும்மா இல்லீங்க, அவ்வளவு பண்ணியும் ஜனம் ஒரு தடவை ஏறிட்டு அடுத்த தடவை வேண்டாம்னு பக்கத்து ரைடுக்குப் போனா எந்த முதலாளியும் கணக்குப் புஸ்தகத்தை மூடிட்டு எந்திரிச்சுருவான். சோதனைல பாஸ்ங்கறது இன்னிக்கு பத்திரமா இருக்குங்கறதுக்குத்தான் சான்று, நாளைக்கு ஆகற செலவுக்கு இல்ல.

லூப் பைத்தியம்:
ஒரு வருஷம் பொறுத்திருந்தா ராக்கி மவுண்டன் ஆளுங்கள கூப்ட்டு ராட்லர் மாதிரி ஸ்டீல் தண்டவாளம் போட்டு காப்பாத்தியிருக்கலாம் 😭 அதே சீடர் ஃபேர் தானே ஓஹியோலயே சீடர் பாயிண்ட் பார்க்ல மீன் ஸ்ட்ரீக்ங்கற மரக் கோஸ்டர 2016ல மூடி 2018ல ஸ்டீல் வெஞ்சென்ஸா மாத்துனாங்க!! அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியல.

கோவை மெக்கானிக்கல்:
தம்பி, அந்த முறைல மாத்தறது பெரும்பாலும் மேல இருக்கற தண்டவாளத்தத்தான், கீழ தாங்கற மரச் சட்டகம் முக்கால்வாசி அப்படியே நிக்கும். இங்க 2006ல விரிசல் விட்டதே தாங்கற மரம்தான். அஸ்திவாரத்துல சந்தேகம் இருக்கற வீட்டுக்கு மொட்டை மாடில டைல்ஸ் ஒட்டி என்ன பிரயோசனம். ராக்கி மவுண்டன் முதல்முதல்ல அந்த மாதிரி மாத்தித் திறந்தது 2011ல டெக்சாஸ் ஜெயண்ட், 2012ல முடிவெடுக்கறப்ப அது ஒண்ணுதான் முன்னாடி இருந்துச்சு. அதை நம்பி 218 அடில கை வைக்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

வேளச்சேரி வாசு:
அப்ப உயரமான மரக் கோஸ்டரே சாபக்கேடா? ஒண்ணு கூட உருப்படல?

சிங்கை ரவி:
அப்படியும் இல்ல. 2006ல, சன் ஆஃப் பீஸ்ட் ஆக்சிடென்டுக்கு சுமாரா ஒரு மாசம் முன்னாடி, நியூ ஜெர்சில எல் டோரோ திறந்தாங்க. 181 அடி, மரம். ஆனா பலகைய இடத்துல ஆணி அடிக்காம ஃபேக்டரிலயே ஒட்டி மெஷின்ல துல்லியமா வெட்டிக் கொண்டு வந்து பொருத்துனது, இன்டமின் கம்பெனி வேலை. உலகத்துலயே நல்ல மரக் கோஸ்டர்னு நிறைய பேரு அதைத்தான் சொல்லுவாங்க.

அதுக்கும் கண்டம் வந்துச்சு. 2022 ஆகஸ்ட்ல ரோட்டுல குழில விழுந்த மாதிரி ஒரு அடி, 14 பேருக்குக் காயம். கேக்கும்போதே சன் ஆஃப் பீஸ்ட் ஞாபகம் வருதுல்ல? மாநில அதிகாரிங்க மூட வச்சாங்க, ரிப்பேர் பண்ணி 2023ல திறந்தாங்க, ஓடிட்டு இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி விபத்து, ஒண்ணு பொழைச்சுது, ஒண்ணு போச்சு. ஜனங்க எதைத் திரும்பக் கேட்டாங்களோ அது பொழைச்சுதுன்னு நான் நினைக்கறேன்.

218 அடிய மரத்துல இன்னிக்கு வரைக்கும் யாரும் தொடல. ஸ்வீடன்ல வைல்ட்ஃபயர் 187 அடி, அதோட சரி.

தேனி அக்கா:
இம்புட்டு பேசுனீக, இடிச்ச எடத்துல இப்ப என்ன இருக்கு?

ஓஹியோ மாமா:
2014ல அங்க பேன்ஷீ வந்துச்சும்மா. பி அண்ட் எம் கம்பெனியோட ஸ்டீல் கோஸ்டர், தண்டவாளம் தலைக்கு மேல, கால் அந்தரத்துல தொங்கும். ஒரு லூப்ப எடுத்த எடத்துல ஏழு தடவை தலைகீழா சுத்துது. லைன் பக்கம் சன் ஆஃப் பீஸ்டுக்கு ஒரு கல்லறைக் கல் கூட செஞ்சு வச்சிருக்காங்க, பேன்ஷீ சாவு வீட்ல அலறுற பேய்ங்கறதால அந்த செட்டப்பு. வேடிக்கைதான், ஆனா அடிபட்டவங்க பாத்தா என்ன நினைப்பாங்களோன்னு எனக்கு எப்பவும் தோணும்.

மரத்தை பார்க் விட்டுடல. 2017ல மிஸ்டிக் டிம்பர்ஸ்னு ஒண்ணு கட்டுனாங்க. 109 அடிதான், மணிக்கு 85 கிலோமீட்டர். சின்னது, சுறுசுறுப்பானது, லைன் எப்பவும் நீளம். கிழவன் பீஸ்டையும் 2022 சீசனுக்கு முன்னாடி சுமாரா 2,000 அடி தண்டவாளம் புதுசாப் போட்டு, முதல் இறக்கத்தை 45 டிகிரில இருந்து 53 ஆக்கிட்டாங்க.

பரமக்குடி பாண்டி:
சென்னை வொண்டர்லால இருக்க தஞ்சோராவும் அந்த பி அண்ட் எம் தொங்குற வகைதானே மாமா? அப்ப பேன்ஷீக்கு சொந்தக்காரன்.

ஓஹியோ மாமா:
ஆமா பாண்டி, அதே கம்பெனி, அதே வகை. போயிட்டு வந்து எழுது, எனக்கு லீவு கிடைக்கற வரைக்கும் உங்க எழுத்துதான்.

தேனி அக்கா:
அண்ணே எம் மக கொலம்பஸ்லதான் இருக்கா, கோடை லீவுக்கு நாங்க வாரோம். பேரனுக்கு எட்டு வயசு, பீஸ்டுல ஏத்துவாகளா?

ஓஹியோ மாமா:
வயசு பாக்க மாட்டாங்கம்மா, உயரம்தான். பீஸ்டுக்கும் மிஸ்டிக் டிம்பர்ஸுக்கும் 48 இஞ்ச் வேணும், பேன்ஷீக்கு 52. வாசல்லயே அளந்து பாப்பாங்க. முதல்ல மிஸ்டிக் டிம்பர்ஸ்ல ஏத்துங்க, சிரிச்சுட்டே இறங்குனான்னா அப்புறம் பீஸ்ட். இருட்டுனதுக்கு அப்புறம் பீஸ்ட்ல போகணும், காட்டுக்குள்ள ஒரு லைட்டு கிடையாது. வர தேதி முடிவானா தனி மெசேஜ்ல சொல்லுங்க, வீட்டுக்கு சாப்பிட வந்துட்டுத்தான் போகணும்.